ஆம்ப் மாடலரில் சீன் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல ஆம்புகளின் ஒலியையும் எஃபெக்டுகளையும் டிஜிட்டலாக உருவாக்கும் மாடலரை வாங்கிய கிட்டாரிஸ்டுகள் பலர் முதல் சில மாதங்களை டோன் தேடுவதிலேயே செலவிடுகிறார்கள். வீட்டில் தனித்தனியாகக் கேட்டால் எல்லா டோனும் நன்றாகத்தான் இருக்கும். பாட்டின் நடுவில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது: சத்தம் ஒரு நொடி நின்றுபோகிறது, எதிரொலி அறுந்துபோகிறது, சோலோ கேட்கவே மாட்டேன் என்கிறது. இந்தப் பக்கம் அந்த மாறும் தருணத்தைப் பற்றியது.

சீன் என்றால் என்ன? பிரீசெட்டும் அதுவும் ஒன்றா?

இல்லை. ஆம்ப், கேபினெட், டிரைவ், டிலே, ரிவெர்ப் எல்லாம் வரிசையாகக் கோர்த்த முழுச் சங்கிலிதான் பிரீசெட். அதில் உள்ள ஒவ்வொன்றும் ஒரு பிளாக். அந்தச் சங்கிலி அப்படியே இருக்க, எந்த பிளாக் ஆன், எது ஆஃப், எந்த நாப் எந்த அளவில் என்பதை மட்டும் நினைவில் வைத்திருப்பது சீன். பிரீசெட்டை மாற்றினால் சங்கிலியே மாறும். சீனை மாற்றினால் அதே சங்கிலியின் நிலை மட்டும் மாறும்.

ஒரே மிதியில் டிரைவ் ஆன் ஆகும், கோரஸ் எஃபெக்ட் ஆஃப் ஆகும், டிலேயின் அளவு கூடும், ஆம்பின் கெயின் ஏறும். தனித்தனி பெடல்களில் இதையே செய்ய மூன்று நான்கு முறை மிதிக்க வேண்டும். இந்தத் தேவை மாடலர்களுக்கு முன்பே இருந்தது. 1980களில் பாப் பிராட்ஷா பெரிய மேடைக் கலைஞர்களுக்குக் கட்டிக்கொடுத்த ஸ்விட்ச்சிங் அமைப்புகள் இதற்காகத்தான் பெயர் பெற்றன. அன்று கருவிகளை அடுக்கும் ஓர் அலமாரி (ராக்) முழுக்க இடம் பிடித்த வசதி இன்று காலடியில் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது.

எந்தக் கருவிகளில் இந்த வசதி உண்டு?

ஃபிராக்டல் ஆடியோவின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ் 3, எஃப்எம்9, எஃப்எம்3 ஆகியவற்றில் ஒரு பிரீசெட்டுக்கு 8 சீன்கள். நியூரல் டிஎஸ்பியின் குவாட் கோர்டெக்ஸிலும் ஏ முதல் எச் வரை 8. லைன் 6 நிறுவனம் இதை ஸ்னாப்ஷாட் என்கிறது. 2015-இல் வந்த அதன் ஹீலிக்ஸ் மாடலருக்கு அடுத்த ஆண்டு 2.0 ஃபர்ம்வேரில் இது கிடைத்தது. பெரிய ஹீலிக்ஸில் 8, சிறிய மாடல்களில் குறைவு.

கெம்பர் புரொஃபைலரின் வழி வேறு. அதில் பெர்ஃபார்மன்ஸ் என்ற தொகுப்புக்குள் 5 ஸ்லாட்கள் இருக்கும். ஒவ்வொரு ஸ்லாட்டிலும் ஒரு முழு ரிக், அதாவது ஆம்பும் எஃபெக்டும் சேர்ந்த முழு டோன். ஒரே ரிக்குக்குள் ஓர் அமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மெல்ல நகரும் மார்ஃபிங் வசதியும் உண்டு. ஆகவே கீழே சொல்லும் எல்லாமே கெம்பருக்கு அப்படியே பொருந்தாது. வால்யூம் பற்றியும் கால் பழக்கம் பற்றியும் சொல்வது எல்லோருக்கும் பொருந்தும்.

பிரீசெட்டையே மாற்றிக்கொண்டால் என்ன?

பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் தாராளமாக மாற்றலாம். பாட்டுக்குள் மாற்றும்போதுதான் தொல்லை. புதிய பிரீசெட் என்றால் பிராசஸர் பழைய பிளாக்குகளை இறக்கிவிட்டு புதியவற்றை ஏற்ற வேண்டும், டிலே, ரிவெர்பின் நினைவகத்தைக் காலி செய்ய வேண்டும், கேபினெட்டின் ஒலியைப் பதிந்து வைத்திருக்கும் ஐஆர் கோப்பைப் படிக்க வேண்டும். அதற்குள் ஒலி சிறிது நேரம் அறுபடும். அது மிகக் குறுகிய இடைவெளியாகவே இருந்தாலும், வேகமான பாட்டில் கோரஸ் பகுதியின் முதல் அடியை விழுங்கிவிட அது போதும்.

சீன் மாறும்போது எதையும் புதிதாக ஏற்ற வேண்டியதில்லை. எல்லா பிளாக்கும் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் மாற்றம் உடனடியாக நடக்கிறது. சில உயர்ரகக் கருவிகளில் இடைவெளியில்லாத பிரீசெட் மாற்றமும் இப்போது வந்துவிட்டது. அது உங்கள் கருவியில் இருந்தாலும் சீன் கற்றுக்கொள்வது வீண்போகாது. ஒரே சங்கிலிக்குள் இருக்கும்போது டோன்களுக்கிடையே ஓர் ஒற்றுமை தானாக வரும். தனித்தனி பிரீசெட்டுகளில் அதை நாமே உட்கார்ந்து உருவாக்க வேண்டும்.

ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பிரீசெட்டா, எல்லாவற்றுக்கும் ஒன்றே ஒன்றா?

இரண்டும் நடைமுறையில் இருக்கின்றன. என் பரிந்துரை, முதலில் ஒன்றே ஒன்று. கிளீன், லேசான கிரஞ்ச், கனமான ரிதம், சோலோ என நான்கு சீன்களை வைத்து அதிலேயே பெரும்பாலான பாட்டுகளை வாசித்துப் பாருங்கள். அந்த பிரீசெட்டின் ஒவ்வொரு நாபும் பழகிப்போகும். மேடையில் ஏதாவது சரியில்லை என்றால் எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரியும். முப்பது பிரீசெட் வைத்திருப்பவர் பேஸைக் கொஞ்சம் குறைக்க நினைத்தால் முப்பது இடத்தில் குறைக்க வேண்டும்.

விநோதமான எஃபெக்ட் கேட்கும் பாட்டு வரும்போது அந்தப் பொது பிரீசெட்டை நகலெடுத்து அதில் மட்டும் மாற்றுங்கள்.

முதன்முதலாக எப்படி அமைப்பது?

நீங்கள் அதிகம் வாசிக்கும் ரிதம் டோனிலிருந்து தொடங்குங்கள். அதை முதல் சீனில் திருப்தியாகும்வரை சரிசெய்யுங்கள். அதுதான் அளவுகோல். பிறகு அந்த சீனை மற்ற இடங்களுக்கு நகலெடுத்துவிட்டு, ஒவ்வொன்றிலும் தேவையானதை மட்டும் மாற்றுங்கள். நகலெடுக்கும் வசதி எல்லாக் கருவியிலும் ஏதோ ஒரு மெனுவில் இருக்கும், தேடிப் பிடித்துவிடுங்கள்.

மாற்றும்போது ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த சீனில் எது மாறக் கூடாது? கேபினெட் பெரும்பாலும் மாறக் கூடாது. ரிவெர்பின் வகை மாறக் கூடாது. ஆம்பும் முடிந்தவரை அதுவே இருக்கட்டும். மாறுகிற விஷயங்கள் குறையக் குறைய மாற்றம் மென்மையாகும், பிழை வந்தால் கண்டுபிடிப்பதும் எளிதாகும். சீன்களுக்குப் பெயரும் வைத்துவிடுங்கள். இருட்டு மேடையில் "சீன் 3" என்ற எழுத்து எதையும் சொல்லாது, "சோலோ" என்பது சொல்லும்.

கிளீனுக்கு ஓர் ஆம்ப், டிஸ்டார்ஷனுக்கு இன்னோர் ஆம்ப் என்று இரண்டு வேண்டுமா?

வைக்கலாம். ஆனால் இரண்டும் ஒரே பிரீசெட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதால் பிராசஸரின் பளு ஏறிவிடும். ஆம்ப் பிளாக்தான் பொதுவாக மிகக் கனமானது. ஹீலிக்ஸில் இடம் போதாவிட்டால் மற்ற மாடல்கள் பட்டியலில் மங்கலாகத் தெரியும், தேர்ந்தெடுக்க முடியாது.

அதனால் முதலில் ஒரே ஆம்பை வைத்து கெயினை மட்டும் சீனுக்கு சீன் மாற்றிப் பாருங்கள். மார்ஷல் ஜேசிஎம்800 போன்ற ஆம்பில் கெயினை நன்றாக இறக்கினால் கிடைக்கும் கிளீன் எல்லோரும் நினைப்பதைவிட அழகானது. ஃபெண்டர் ட்வின் ரிவெர்பின் கண்ணாடி போன்ற கிளீன்தான் வேண்டும் என்றால் அது அதில் வராது. அப்போது இரண்டாவது ஆம்ப் நியாயம்தான். ஃபிராக்டலில் ஒரே ஆம்ப் பிளாக்குக்குள் ஏ, பி, சி, டி என நான்கு சேனல்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் வேறு ஆம்ப் வைத்து சீன்வாரியாகத் தேர்ந்தெடுக்கலாம். பிராசஸர் பளு மிச்சமாகும். ஆனால் ஆம்ப் சேனல் மாறும்போது மிகச் சிறிய இடைவெளி வரலாம். அது தொந்தரவாக இருந்தால், கருவி இடம் கொடுத்தால், இரண்டு தனி ஆம்ப் பிளாக் வைத்து ஒன்றை ஆஃப், மற்றதை ஆன் செய்வது பழைய, நம்பகமான வழி.

ஒரு சீனில் டிரைவை ஏற்றினால் எல்லா சீனிலும் ஏறிவிடுகிறதே?

பிளாக்கின் ஆன், ஆஃப் நிலையைத்தான் சீன் தானாகவே நினைவில் வைக்கும். நாபின் அளவு சீனுக்கு சீன் வேறாக வேண்டும் என்றால் பெரும்பாலான கருவிகளில் அதை நாம் சொல்ல வேண்டும். ஹீலிக்ஸில் நாபை அழுத்திக்கொண்டே திருப்பினால் அது ஸ்னாப்ஷாட்டுக்கு ஒதுக்கப்படும்; அப்படி 64 அளவுகள்வரை ஒதுக்கலாம். ஃபிராக்டலில் இதற்கு சேனல்கள் இருக்கின்றன, சீன் கன்ட்ரோலர்களும் இருக்கின்றன. குவாட் கோர்டெக்ஸிலும் எந்த அளவையும் சீனுக்கு ஒதுக்கலாம்.

கண்ணில் படுகிற எல்லா நாபையும் ஒதுக்கிவிடாதீர்கள். ஒதுக்கிய ஒவ்வொன்றையும் பிறகு எட்டு இடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். கெயின், ஆம்பின் சேனல் வால்யூம், டிலே மிக்ஸ், ரிவெர்ப் மிக்ஸ் ஆகிய நான்கும் முக்கால்வாசி வேலையைச் செய்துவிடும்.

சீனில் ஒன்றை மாற்றினேன், வேறு சீனுக்குப் போய்த் திரும்பினால் மாற்றியது காணோம். ஏன்?

கருவி கெட்டுப்போகவில்லை, அது ஓர் அமைப்பு. ஹீலிக்ஸின் பொது அமைப்புகளில் ஸ்னாப்ஷாட் எடிட்ஸ் என்று ஒன்று உண்டு. ரீகால் என்றிருந்தால் நீங்கள் மாற்றியது திரும்பி வரும்போது அப்படியே இருக்கும். டிஸ்கார்ட் என்றிருந்தால் கடைசியாகச் சேமித்த நிலைக்கே திரும்பும். ஃபிராக்டலில் சீன் ரிவெர்ட் என்பது இதே வேலையைச் செய்கிறது.

மேடைக்கு டிஸ்கார்ட், வீட்டில் டோன் அமைக்க ரீகால் என்பது நல்ல பழக்கம். மேடையில் தவறுதலாக ஒரு பிளாக்கை மிதித்து ஆஃப் செய்துவிட்டால், அடுத்த முறை அந்த சீனுக்கு வரும்போது தானாகச் சரியாகிவிடும். எந்த அமைப்பாக இருந்தாலும் பிரீசெட்டைச் சேமிக்காமல் வேறு பிரீசெட்டுக்குப் போனால் எல்லாம் போய்விடும்.

ஒரு சீன் கத்துகிறது, இன்னொன்று அமுங்கிப்போகிறது. வால்யூமை எப்படிச் சமன் செய்வது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். டோன் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கேட்பவர்களுக்குத் தெரியாது. வால்யூம் தப்பினால் எல்லோருக்கும் தெரியும்.

மீட்டரின் உச்ச அளவைப் பார்த்துச் சமன் செய்யாதீர்கள். கிளீன் டோனில் ஒவ்வொரு அடியும் கூர்மையாக எழுந்து உடனே அடங்கும். டிஸ்டார்ஷன் அந்த உச்சிகளை வெட்டி, ஒலியை ஒரே மட்டத்தில் அடைத்து வைத்திருக்கும். மீட்டரில் இரண்டும் ஒரே உச்சத்தைத் தொட்டாலும் காதுக்கு டிஸ்டார்ஷன்தான் பெரிதாகக் கேட்கும். காதை நம்புங்கள், இல்லையென்றால் லஃப்ஸ் அளவு காட்டும் மீட்டரை வைத்துப் பாருங்கள். அது உச்சத்தை அல்ல, கேட்கும் சத்தத்தைக் கணக்கிடுவது.

அடுத்து, எந்த சத்தத்தில் அமைக்கிறீர்கள் என்பது. மனிதக் காது குறைந்த சத்தத்தில் பேஸையும் ட்ரெபிளையும் குறைவாகவே உணர்கிறது என்று 1933-இல் பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டினார்கள். இரவில் சன்னமாக வைத்து அமைத்த டோனில் நாம் அறியாமலே பேஸும் ட்ரெபிளும் ஏறியிருக்கும். மேடை சத்தத்தில் அது கொழகொழப்பாகவும் காதைக் குத்துவதாகவும் மாறும். கடைசிச் சமன்பாட்டை வாசிக்கப்போகும் சத்தத்தில், முடிந்தால் டிரம்ஸும் பேஸும் சேர்ந்து வாசிக்கும்போது செய்யுங்கள். ஹெட்ஃபோனில் பிரமாதமாக இருந்த கிளீன் இசைக்குழுவுக்குள் காணாமல் போவதை அப்போதே பிடித்துவிடலாம்.

எந்த நாபைத் திருப்புவது? ஆம்பின் மாஸ்டர் வால்யூமைத் தொடாதீர்கள்; அது பவர் ஆம்பின் குணத்தையே மாற்றும். சேனல் வால்யூம் அல்லது லெவல் என்றிருப்பது டோனைக் கெடுக்காமல் சத்தத்தை மட்டும் மாற்றும். சோலோவுக்கு 2 முதல் 4 டெசிபல்வரை கூட்டினால் பெரும்பாலும் போதும்.

அந்தக் கூடுதலைச் சங்கிலியில் எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். கடைசியில், அவுட்புட்டில் வைத்தால் சோலோ முடிந்து ரிதம் சீனுக்குத் திரும்பும்போது இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும் டிலேயின் சத்தமும் சட்டென்று குறையும். ஆம்புக்கும் கேபினெட்டுக்கும் பிறகு, டிலேக்கு முன்னால் வைத்தால் எதிரொலி தன் போக்கில் அடங்கும். ஆம்புக்கு முன்னால் வைக்கும் பூஸ்ட், ஆம்ப் ஏற்கனவே நிறைய டிஸ்டார்ட் ஆகியிருந்தால் சத்தத்தைக் கூட்டாது; கெயினைத்தான் கூட்டும். "பூஸ்ட் போட்டும் சோலோ கேட்கவில்லை" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அப்படியும் கேட்கவில்லை என்றால் சத்தத்தைவிட மிட்ஸை (நடு அதிர்வெண்களை) கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள்.

சீன் மாறியதும் டிலே, ரிவெர்பின் வால் அறுந்துபோகிறது. என்ன செய்வது?

அந்த பிளாக் ஆஃப் ஆகும்போது உள்ளே இருக்கும் ஒலியும் சேர்ந்து ஆஃப் ஆகிறது. ஹீலிக்ஸில் அந்த பிளாக்கின் ட்ரெயில்ஸை ஆன் செய்யுங்கள். ஃபிராக்டலில் வரிசையாக இணைத்த டிலேக்கு பைபாஸ் மோடை மியூட் எஃப்எக்ஸ் இன் என்று வையுங்கள். அப்போது புதிய ஒலி உள்ளே போகாது, பழைய எதிரொலி மட்டும் முடியும்வரை கேட்கும்.

அதைவிட எளிய வழி, பிளாக்கை ஆஃப் செய்யாமலே இருப்பது. ரிவெர்பை எப்போதும் ஆனில் விட்டு மிக்ஸை மட்டும் சீனுக்கு சீன் மாற்றலாம். ஒரு மாடலிலிருந்து இன்னொரு மாடலுக்கு அந்த பிளாக்கையே மாற்றினால் மட்டும் வால் தங்காது.

டிலே நேரத்தை மாற்றும்போது டேப் இழுபடுவது போலச் சத்தம் வருகிறதே?

எதிரொலி ஓடிக்கொண்டிருக்கும்போதே நேரத்தை மாற்றினால் அதன் சுருதி எகிறும் அல்லது இறங்கும். பல மாடல்களில் இது இயல்பு. சோலோவுக்கு நீண்ட டிலே, ரிதத்துக்குக் குறுகிய டிலே என்று வேண்டுமானால் இரண்டு டிலே பிளாக் வையுங்கள். ட்ரெயில்ஸோடு ஒன்று அடங்க, மற்றது எழும்.

ஸ்விட்சை மிதித்தால் ஒரு கணம் தாமதமாக மாறுகிறது. கருவி மெதுவா?

அந்த ஸ்விட்சுக்கு அழுத்திப் பிடிக்கும் வேலை ஏதாவது கொடுத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். கொடுத்திருந்தால், நீங்கள் சும்மா மிதித்தீர்களா, பிடித்திருக்கிறீர்களா என்று கருவி தெரிந்துகொண்டுதான் முடிவெடுக்கும். அதனால் காலை எடுக்கும்போதுதான் சீன் மாறும். சீன் ஸ்விட்சுகளில் பிடிக்கும் வேலையை எடுத்துவிட்டால் தாமதம் போய்விடும்.

மீதி, பழக்கம். அடி விழும் கணத்தில் மிதித்தால் அந்த அடியின் தொடக்கம் பழைய டோனில் போய்விடும். அடிக்குச் சற்று முன்னால், முந்தைய சுரம் அடங்கும் இடத்தில் மிதியுங்கள். மெட்ரோனோம் வைத்து நான்கு பாருக்கு ஒருமுறை சீன் மாற்றிக்கொண்டே ஒரே ரிஃபை வாசித்துப் பழகுங்கள். கைக்குக் கொடுக்கும் பயிற்சியைக் காலுக்கும் கொடுக்க வேண்டும். இதை ஏனோ பலர் செய்வதில்லை.

சீன் மோடா, ஒரு ஸ்விட்ச் ஒரு பிளாக்கை மட்டும் இயக்கும் ஸ்டாம்ப் மோடா?

கலந்து வையுங்கள். கீழ் வரிசையில் நான்கு சீன்கள், மேல் வரிசையில் ட்ரெமோலோ, பூஸ்ட், ட்யூனர் போன்ற தனி ஸ்விட்சுகள். ஹீலிக்ஸிலும் குவாட் கோர்டெக்ஸிலும் இப்படி இரண்டையும் சேர்த்து வைக்க முடியும். ஹீலிக்ஸில் ஒரு பிளாக்கை ஸ்னாப்ஷாட்டின் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கியும் வைக்கலாம். அப்போது நீங்கள் காலால் ஆன் செய்த பூஸ்ட், சீன் மாறினாலும் ஆனிலேயே இருக்கும்.

மூன்று ஸ்விட்ச் மட்டுமே உள்ள சிறிய கருவி என்றால்?

கிளீன், ரிதம், சோலோ. அவ்வளவுதான். ட்யூனருக்கும், மிதித்து மிதித்து வேகம் குறிக்கும் டேப் டெம்போவுக்கும் வெளியே ஒரு சிறிய ஃபுட்ஸ்விட்ச் இணைத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டரிலிருந்து சீன் மாற்ற முடியுமா?

முடியும், இசைக்கருவிகளுக்குக் கட்டளை அனுப்பும் மிடி வழியாக. ஹீலிக்ஸில் ஸ்னாப்ஷாட்டுக்கு சிசி (மிடியின் ஒரு கட்டளை வகை) எண் 69. குவாட் கோர்டெக்ஸில் சீனுக்கு சிசி 43. இரண்டிலும் மதிப்பு 0 முதல் 7 வரை. முதல் சீனுக்கு 0 என்பதை மறந்துவிட்டால் எல்லாமே ஒன்று தள்ளிப் போகும்.

கிளிக் டிராக்கோடு (காதில் ஓடும் மெட்ரோனோம் தட்டோடு) வாசிக்கும் குழுக்களுக்கு இது பெரிய உதவி. சீன்கள் தானாக மாறும். நீங்கள் வாசிப்பில் மட்டும் கவனம் வைக்கலாம். கட்டளையை அடிக்குக் கொஞ்சம் முன்னால் வைக்க வேண்டும், காலுக்குச் சொன்ன அதே காரணம்தான். கம்ப்யூட்டர் நின்றுபோனால் காலால் தொடரும் அளவுக்குப் பாட்டின் மாற்றங்கள் மனப்பாடமாக இருக்கட்டும்.

நிஜ ஆம்போடு சேர்த்துப் பயன்படுத்துகிறேன். அதன் சேனலையும் சீன் மாற்றுமா?

ஆம்பில் மிடி இருந்தாலோ, ஃபுட்ஸ்விட்ச் ஜாக் இருந்தாலோ மாற்றும். ஹீலிக்ஸில் எக்ஸ்டர்னல் ஆம்ப் ஜாக் உண்டு. கமாண்ட் சென்டர் என்ற பக்கத்தில் ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டுக்கும் என்ன அனுப்ப வேண்டும் என்று குறித்துவிடலாம். இணைக்கும் முன் ஆம்பின் கையேட்டில் ஜாக்கின் வகையைப் பாருங்கள். வெறும் ஷார்ட் செய்து மாறும் ஜாக்குகள் பாதுகாப்பானவை. சில ஆம்புகள் அந்த ஜாக்கில் மின்னழுத்தம் அனுப்பும். அது மாடலரைக் கெடுக்கலாம்.

பிரீசெட்டைத் திறந்ததும் எப்போதும் தவறான சீனில் நிற்கிறது. எப்படி மாற்றுவது?

ஹீலிக்ஸில் சேமிக்கும்போது எந்த ஸ்னாப்ஷாட்டில் இருந்தீர்களோ அதில்தான் திறக்கும். பாட்டு எந்த டோனில் தொடங்குகிறதோ அந்த சீனுக்குப் போய்விட்டுச் சேமியுங்கள். ஃபிராக்டலில் இதற்கென டிஃபால்ட் சீன் என்ற அமைப்பு இருக்கிறது.